கோமதி கேட்காத கேள்வி

நம் எழுத்தாளர் குழுவில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டீர்கள்: "அக்கா, எழுதுறத நிறுத்திட்டீங்க, சரி. எங்களுக்கு நாலு டிப்ஸாவது சொல்லிட்டுப் போங்க."

டிப்ஸ் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, தங்கங்களா. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மன்னார்குடியில் ரவிக்கை தைப்பவள். இடுப்பளவும் தோளளவும் எடுத்துக்கொண்டே கதையும் எழுதினேன். முதலில் ஒரு வாரப் பத்திரிகைக்கு, பிறகு உங்களைப் போலவே கைபேசிச் செயலிக்கு. அத்தியாயத்தை எங்கே நிறுத்தினால் வாசகர் தவித்துப்போவார் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அந்தத் தப்பு ஒரு பெண்ணின் வீட்டு வாசல்வரை போய் நின்றது.

முதலில் என் கடையைச் சொல்ல வேண்டும். அளவெடுக்கக் கையைத் தூக்கி நிற்கும்போது பெண்கள் பேசுவார்கள். எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, வேறெங்கும் பேசாததைப் பேசுவார்கள். "எங்க மாமியா திட்டுனாக்கூடப் பரவால்லக்கா, சும்மா பாத்துக்கிட்டே இருக்குது" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் அண்ணனைப் பற்றி, "நல்லவந்தான். நமக்கு உதவாத நல்லவன்" என்றாள். இப்படிக் காதில் விழுவதையெல்லாம், துணி வெட்டுவதற்கு வைத்திருக்கும் பழுப்புத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன். ஒரு பக்கம் கை அளவு, ஒரு பக்கம் மனசு. கதைகளில் நான் எழுதிய நல்ல வாக்கியங்களில் பாதி என்னுடையவை அல்ல. இதை இப்போதாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாரப் பத்திரிகைக்கு எழுதிய காலத்தில் அங்கே ஓர் உதவி ஆசிரியர் இருந்தார். கடைசிவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. திரும்பி வரும் தாளில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். என் முதல் தொடர்கதையில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு தாய் தன் குழந்தையைப் பறிகொடுக்கிறாள். நானே அழுதுகொண்டுதான் எழுதினேன். ஆறாம் அத்தியாயத்தில் ஊர்த் திருவிழா. அவள் நாத்தனாரைக் கேலி செய்து சிரிக்கிறாள், வளையல் வாங்குகிறாள். அந்தத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை:

"அம்மா, இவளுக்குக் கண் இன்னும் வீங்கியிருக்காதா?"

தையல் மிஷின் முன்னாலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அழுது முடித்துவிட்டதால் அவளும் முடித்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறேன்! எழுதுகிறவருக்கு அத்தியாயம் முடிகிறது. அதில் இருக்கிறவளுக்கு மறுநாள் விடிகிறது. திருவிழா அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் வளையல் கடைவரை போய், சின்னக் கை அளவு வளையலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவருவதாக எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு வரிகூடப் பதில் வரவில்லை. அச்சில் வந்தது.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சோகத்துக்கு மட்டும்தான் கற்றிருக்கிறேன், சந்தோஷத்துக்குக் கற்கவில்லை என்பது மல்லிகா வந்து சொல்லும்வரை தெரியவில்லை.

மல்லிகா, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆடிதோறும் ரவிக்கை தைக்க வருகிறவள். ஒரு ஏக்கர் குத்தகை நிலம், ஒரு பெண்குழந்தை. புருஷன் மலேசியா போய் ஏழு வருடம். முதல் இரண்டு வருடம் ஃபோனில் பேசினார். அப்புறம் பேச்சு நின்றுபோனது. உயிரோடு இருக்கிறார் என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை அளவெடுக்கும்போது, "இப்ப எல்லாரும் பின்னாடி நாடா வச்சுக்கிறாங்க, உனக்கும் வைக்கவா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா" என்றாள். "கட்டிவிட ஆள் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் கையில் அளவுநாடா அப்படியே நின்றது. அவள் படியிறங்கியதும் பழுப்புத்தாளில் எழுதினேன். அந்த ஒரு வரியிலிருந்துதான் கோமதி பிறந்தாள். செயலியில் நீங்கள் எல்லாரும் படித்தீர்களே, அந்தக் கோமதி. புருஷன் சேகர் வெளிநாடு போய்ப் பேச்சில்லாமல் ஆகிவிட, ஏழு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவள். முதல் அத்தியாயத்திலேயே தையல்காரியிடம், "நாடா வேண்டாம், கட்டிவிட ஆள் இல்லை" என்கிறாள். அந்த வரிக்குக் கீழே எத்தனை பேர் அழுகிற முகம் போட்டார்கள்! நானும் அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் செயலியின் ஆசிரியை பிரியா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அக்கா, பதினெட்டாம் பெருக்குக்கு ஸ்பெஷல் எபிசோட் வேணும். சேகரைக் கொண்டுவந்துடுங்க. எல்லாரும் தவிச்சுப் போயிருக்காங்க."

மறுபேச்சில்லாமல் சரி என்றேன். மத்தியானம் உட்கார்ந்தேன், நாலு மணி டீக்கு முன்னால் முடித்துவிட்டேன். சேகர் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். கோமதி ஓடிப்போய் அவன் தோளில் விழுகிறாள். ஏழு வருடமும் அந்த அழுகையில் கரைந்துபோகிறது. அன்றைக்கே ஆற்றங்கரையில் பெண்கள் தாலிக்கயிறு மாற்ற, கோமதி புது மஞ்சள் கயிற்றோடு சேகரைப் பார்த்து வெட்கப்படுகிறாள். அத்தியாயம் முற்றும்.

ஏன் அவ்வளவு வேகமாக எழுத வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது சொல்கிறேன். என் மகன் குவைத்தில் இருக்கிறான். அவன் ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். "சாப்டியாடா?" "சாப்டேம்மா. நீ?" "ஆச்சு." அவ்வளவுதான். எப்போது வருவாய் என்று கேட்டால், வரமாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பெட்டியோடு வாசலில் நின்றவன் சேகர் இல்லை. ஓடிப்போய் விழுந்ததும் கோமதி இல்லை. என் ஏக்கத்தை எடுத்து அவள் மேல் போர்த்தியிருக்கிறேன், அவள் அளவுக்கு வெட்டாமல், என் அளவுக்கே வெட்டி.

வாசகர்கள் இதயமாகக் கொட்டினார்கள். பிரியா மூன்று தடவை கூப்பிட்டாள். பெருக்கு கழிந்த இரண்டாம் நாள் மல்லிகா கடைக்கு வந்தாள். கையில் துணி இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், காலில் வயல் சேறு காய்ந்திருந்தது.

"வா மல்லிகா, உக்காரு."

"உக்காரலக்கா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். நாடா என்னோடதுதானே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆமா" என்றேன். "உன்னக் கேக்காம எடுத்தது தப்புதான்."

"எடுத்துக்கங்க, அதுக்கு வரல. எடுத்தா முழுசா எடுக்கணும்ல? ஏழு வருசம் அவ என்னதான் பண்ணுனா? வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாளா? கால் வலிக்கல?"

கையிலிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தேன்.

"நான் என்னென்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? மோட்டார் போடத் தெரியாது எனக்கு, கத்துக்கிட்டேன். மடைக்கு மேல்வயக்காரனோட சண்ட போட்டேன். அறுப்பு மிஷின்காரன் 'வீட்ல ஆம்பளய வரச் சொல்லும்மா'ன்னான், 'நாந்தான் ஆம்பள, ஏத்து மிஷின'ன்னேன். புள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப தனியாத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். இதுல எது கோமதிக்கு நடந்துச்சு? போட்டு வச்ச பாத்திரம் மாதிரியில்ல இருக்கா! அவன் வந்து எடுத்துத் தொடச்சதும் பளபளன்னு ஆயிட்டா!"

கோபத்தோடு சொன்னாலும் சொல்லிவிட்டுத் தானே லேசாகச் சிரித்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அவுங்க வர்றாங்கக்கா. ஆவணி மொத வாரம். போன வாரம் ஃபோன் வந்துச்சு."

"என்ன சொன்னாரு? ஏன் இத்தன நாளா..."

"அதச் சொல்லல. வர்றேன்னாங்க, அவ்வளவுதான். வீட்ல எல்லாரும் இப்பவே எனக்குப் பாடம் நடத்துறாங்க. 'அலுத்து வர்ற மனுசன், ஒண்ணும் கேட்றாத. கேட்டா திரும்பிப் போயிடுவான்'னு. எங்க ஓரகத்திதான் ஒங்க கதையெல்லாம் படிக்கிறது. நேத்து ஃபோனத் தூக்கிட்டு வந்து அத்தன பேர் முன்னாடியும் வாசிக்குது. 'கோமதியப் பாரு, ஒரு வார்த்த கேட்டாளா? அந்த மனசு ஒனக்கு வேணாமா'ங்குது. என் பொண்ணும் தலைய ஆட்டுது. எழுதுனவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப் போவுதுன்னு என் வாய மூடிட்டாங்கக்கா."

நான் எழுதிய அத்தியாயம், நான் அறிந்த ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் துணியாகிவிட்டிருந்தது. அதுவும் அவள் தந்த நூலிலேயே நெய்த துணி.

"உனக்கு அவரு வேணாமா மல்லிகா?" என்று கேட்டுவிட்டேன். அசட்டுக் கேள்விதான்.

"வேணாம்னா நான் ஏன்க்கா கேக்கப்போறேன்? பெட்டிய வச்சுட்டுத் தின்னுட்டுப் படுன்னு விட்றலாமே. வேணும்ங்கிறதாலதான் கேக்கணும். ஒவ்வொரு பெருக்குக்கும் ஓரகத்திதான் எனக்குக் கயிறு மாத்திவிடும். கழுத்த நீட்டுறப்பல்லாம் பஸ் சத்தம் கேட்டுச்சுன்னா திரும்பிப் பாப்பேன். இந்த வருசமும் பாத்தேன். வர்ற தேதி தெரிஞ்சும் பாத்தேன்." புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத்தன வருசத்தையும் ஒண்ணுமே நடக்காத மாதிரி முழுங்கிட்டேன்னா, அப்புறம் அவுங்ககூட இருக்கிறது யாரு? நான் இல்லயே."

"அவருகிட்ட என்ன கேக்கணும்?" என்றேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. வெகுநாளாகத் தயாராக இருந்த கேள்விபோல வந்தது.

"இனிமே பேச வேணாம்னு முடிவு பண்ணுன அன்னிக்கு, ஒங்களுக்குச் சோறு எறங்குச்சா? அது ஒண்ணுதான்."

பழுப்புத்தாள் பக்கத்திலேயே இருந்தது, பென்சிலும் இருந்தது. இந்தத் தடவை கையை நீட்டவில்லை. "இத நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழுதுங்க. ஆனா பதில எழுதாதீங்க. அது மொதல்ல எனக்குத் தெரியணும்."

அடுத்த அத்தியாயம் போக மூன்று நாள்தான் இருந்தது. பிரியாவைக் கூப்பிட்டு, கதையை மாற்றப் போகிறேன் என்றேன்.

"அக்கா! அடுத்து கோமதி முழுகாம இருக்கா, வளைகாப்பு, அத்தன பேரும் அதுக்குத்தான் வெயிட் பண்றாங்க. இப்பப் போயி சண்டையா?"

"சண்ட இல்லம்மா. மறுநாள் காலைல."

"மறுநாள் காலைல என்ன?"

"அதத்தான் எழுதணும். எழுதாமத் தாண்டிட்டேன்."

"ஒரு எபிசோட்தான் தருவேன்க்கா. விழுந்துச்சுன்னா வளைகாப்புதான்" என்றாள்.

முதலில் எழுதியதில் கோமதி சேகரின் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசினாள். எழுத எழுத எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாசித்துப் பார்த்தேன். அது கோமதி இல்லை. நாலு வருடமாக வாயைத் திறக்காத ஒரு தாய், எவன் பெட்டியையோ எவன் முகத்திலோ வீசிக்கொண்டிருந்தாள். பொய்ச் சந்தோஷத்துக்குப் பதில் பொய்க் கோபம். அதைக் கிழித்தேன். இரண்டாவதில் சேகருக்கு ஒரு நோயைக் கொடுத்தேன், அதனால்தான் பேசவில்லை என்று. அது அவனைத் தப்பிக்க விடுவது. அதையும் கிழித்தேன். அழுத்தம் கழுத்தைப் பிடிக்கும்போது நம் கை இந்த இரண்டு பக்கமும்தான் ஓடும், கண்ணுகளா: ஒன்று அடித்துவிடலாம், அல்லது மன்னித்துவிடலாம். இரண்டுமே அத்தியாயத்தைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கும். அந்தச் சிவப்பு மைக்காரர் இருந்தால் என்ன கேட்பார் என்று யோசித்தேன். இவளுக்குக் கண் இன்னும் வீங்கியிருக்காதா?

மூன்றாவதாக, மறுநாள் காலையை எழுதினேன். சேகர் எழுந்து பழைய இடத்தில் சோப்புப் பெட்டியைத் தேடுகிறான். அது இடம் மாறி ஐந்து வருடம் ஆகிறது. கோமதியின் மகள் அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, விருந்தாளிக்குச் சொல்வதுபோல "எடுத்துக்குங்க" என்கிறாள். கோமதி மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்ப, "நீ இரு, நான் போய் மடையைத் திறந்துவிட்டு வர்றேன்" என்கிறான். மடை எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவள் முன்னால் நடக்கிறாள், அவன் பின்னால். அவனைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு. ஏழு வருடம் பார்க்க ஆசைப்பட்ட முகம். பார்க்காமல் மடையில் குனிந்து மண்ணைத் தள்ளுகிறாள். தண்ணீர் பாய ஆரம்பித்ததும், தண்ணீரிடம் கேட்பதுபோலக் கேட்கிறாள். மல்லிகாவின் கேள்வியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வைத்தேன். அதோடு நிறுத்தினேன். பதில் எழுதவில்லை.

இதயங்கள் பாதியாகக் குறைந்தன. "பாவம் அந்த மனுஷன்" என்று திட்டினார்கள். "பதில் எங்கே?" என்று ஒரு நாளெல்லாம் சண்டை நடந்தது. நடுவே, முகம் தெரியாத ஒரு பெண், "நானும் ஒருத்தரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது அவர் இல்லை" என்று எழுதியிருந்தாள். பிரியா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். வளைகாப்பைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகன் கூப்பிட்டான். சாப்டியா, சாப்டேன், ஆச்சு. வைக்கப் போகும்போது கேட்டுவிட்டேன். "எப்படா வருவே?"

"தெரியலம்மா" என்றான். அவன் இன்னும் வரவில்லை. ஆனால் நாலு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் உண்மை அதுதான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுகிறோம்.

மல்லிகா ஆவணிக் கடைசியில் வந்தாள். கையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன். போன வருடத்தைவிட இளைத்திருந்தாள்.

"கேட்டுட்டேன்க்கா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"பதில் சொன்னாங்க."

"ம்."

"என்னன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா எழுதிடுவேன்."

சிரித்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியதில் அளவு தப்பியது; மறுபடி எடுத்தேன். முதுகளவுக்கு வரும்போது பழக்கத்தில் கேட்டேன்: "நாடா வேணாம்தானே?"

"வைங்க" என்றாள். "இப்பக் கட்டிவிடச் சொல்ல மாட்டேன். ஆனா வைங்க."

குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். எதிர்வரிசையில், மூடிய கடையின் நிழலில், ஒரு மொபெட் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். காய்கறிப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கடைப்பக்கம் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக.

"அவரா? உள்ள வரச் சொல்லேன், ஒரு வாய் டீ குடிக்கட்டும்."

"நிக்கட்டும்க்கா."

டீ வந்தது. மல்லிகா அதை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கதிர் முற்றிவிட்டது என்றாள், மிஷினுக்குச் சொல்லியாயிற்று என்றாள், மகள் கணக்கில் நல்ல மார்க் என்றாள், கைக்கு எவ்வளவு நீளம் வைப்பது என்று மூன்று தடவை மாற்றிச் சொன்னாள். அவசரமே படவில்லை. பேச்சுக்கு நடுவில் தெருவில் ஒரு பஸ் போனது. அது தாண்டும் வரைக்கும் பேச்சை நிறுத்தி, நிழல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

நிழல் நகர்ந்து வெயில் அவர் காலுக்கு வந்துவிட்டிருந்தது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.